மூன்றாம் ஆள்

காலை ஏழு மணிக்கு முகமூடியின் வார்களைத்
தளர்த்தி வைக்கிறேன், இரவில் இழுத்தால் போதும் என்று.
பூட்ஸுக்குள் கால்சட்டை, வாய் திறந்தபடி.
காற்று உருளையின் முள் நிறைவைத் தொடுகிறதா? தொடுகிறது.
கையுறை உலர்ந்ததா? இல்லை. வேறு ஜோடி.
ஹெல்மெட் பட்டையில் மர ஆப்பு இரண்டு.
ஆப்பை மறந்தவர்களைக் கேப்டன் அருடா திட்டமாட்டார்.
காபியை நீட்டி, "கதவு சாத்திக்கொண்டால்
உன் காலைக் கொடுப்பாயா?" என்பார்.

ஊருக்குப் பெயர் ஃபால் ரிவர், விழும் ஆறு.
ஜனவரியில் ஆறு விழுவதில்லை.
நாங்கள்தான் விழுகிறோம், நடைபாதைப் பனிக்கட்டியில்.

எஞ்சினில் நால்வர்.
லெமியூ வண்டியோடு நிற்பான், பம்பின் முட்களுக்குக் காவலாக.
ஃபுர்ட்டாடோ நாசிலைப் பிடிப்பான்,
அவன் தோளுக்குப் பின்னால் கேப்டன்.
நான் மூன்றாம் ஆள். நெருப்பை நான் பார்ப்பதில்லை.
எனக்கு மூலைகள்:
படி திரும்பும் இடம், கதவின் கீழிடுக்கு,
யாரோ நிறுத்திய காரின் டயர்.
குழாயின் கழுத்து எங்கே நெரிபடுமோ
அங்கே நான்.

இரவு இரண்டு பத்து.
கிரானைட் ஆலைக்குப் பின்னால் மூன்று மாடி மரவீடு.
மேல்மாடிச் சமையலறை ஜன்னல்
ஆரஞ்சாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
கீழ்வீட்டுக்காரர், போர்வையும் கிளிக்கூண்டுமாக,
போர்ச்சுகீசிய மொழியில் ஏதோ கத்தினார்.
"மேலே ஆளில்லையாம், அந்தம்மா மகள் வீட்டில்"
என்று மொழிபெயர்த்தபடியே ஃபுர்ட்டாடோ ஓடினான்.
ஆளில்லை என்பதை நம்பலாகாது, தேடத்தான் வேண்டும்.
தேடுவது ஏணி வண்டிக்காரர்கள்.
நாங்கள் தண்ணீர்.

வாசல்வரை ஒரு நீளம், ஏற இரண்டு,
சண்டைக்கு ஒன்று.
தொட்டியில் ஐந்நூறு கேலன்,
தாராளமாகச் சொன்னால் மூன்று நிமிடம்.
அதற்குள் லெமியூ
ஹைட்ரன்ட்டின் உறைந்த மூடியைச் சம்மதிக்கவைக்க வேண்டும்.

மேல்தளக் கதவுக்கு வெளியே இருவரும் மண்டியிட்டார்கள்.
ரேடியோவில் அருடாவின் குரல்: தண்ணீர்.
நான் இரண்டாம் மாடித் திருப்பத்தில்
குழாய்க்குப் பெரிய வளைவு விட்டுக் காத்திருந்தேன்.
துணி துணியாகவே கிடந்தது.

மறுபடி: தண்ணீர்.
குரல் அதேதான், சற்றே மெதுவாக,
அவர் மெதுவாகப் பேசினால் எனக்கு வயிறு கலங்கும்.

இறங்கினேன். இரண்டு மாடி, ஒரு கை கம்பியில்.
வாசற்படி அருகே, பனியில்,
ஒரு மடிப்பு இன்னொன்றின் வயிற்றில் புகுந்து
முடிச்சாக இறுகிக் கிடந்தது.
முழங்காலால் உதைத்து, உடம்பால் புரட்டி,
விட்டது. விட்ட வேகத்தில் என் தாடையில் அடித்தது.
படியேறிப் போகும் தண்ணீரை
கையுறைக்குள்ளேயே உணர்ந்தேன்.
பிறகு மேலே, உத்தரத்தில்,
தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற சத்தம்.

பதினொரு வினாடி என்றது பதிவு.
வெளியே வந்த ஃபுர்ட்டாடோவின் இடக்காது நுனி
சிவந்து பளபளத்தது.
அவன் ஆரஞ்சுப் பழம் கேட்டான். யாரிடமும் இல்லை.

அந்த மடிப்பு யாருடையது என்று விசாரிக்க வேண்டியதில்லை.
செவ்வாய்க்கிழமை, விறைத்த விரல்களோடு,
சூப் ஆறிவிடுமே என்ற அவசரத்தில்
நானே அடுக்கியது.
அருடாவிடம் சொன்னேன்.
"எந்த மடிப்பு?" என்றார். காட்டினேன்.
"அன்றைக்கு வேறு எதை அடுக்கினாய்?"
பின்பக்கக் குழாயையும்.
"அவிழ்."

நாலே முக்கால். குழாய் பலகையாக உறைந்திருந்தது.
வண்டியின் முதுகில் நான் மண்டியிட்டிருக்க,
கீழிருந்து ஃபுர்ட்டாடோ ஊட்டினான்,
காதில் களிம்பு, வாயில் பேச்சில்லை.
ஒவ்வோர் அடுக்கிலும், இழுக்க வசதியாக,
ஒரு வளையம் வெளியே நீட்டிவிடுவோம்.
அதற்கும் காது என்றுதான் பெயர்.
இடப்பக்கம் ஒன்று விட்டேன். வலப்பக்கம் ஒன்று.
"இழு" என்றேன்.
இழுத்தான். நாலு நீளமும் வழுக்கிக்கொண்டு
தெருவில் போய் விழுந்தன, எதிலும் சிக்காமல்.

சிரித்தானா, குளிரில் பல் கிட்டியதா, தெரியவில்லை.
முனையைத் தூக்கி மறுபடி என்னிடம் கொடுத்தான்.